உனிரியா உர்ஸிச்சேனி: சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய கழகம் இரண்டே ஆண்டுகளில் ஏன் கலைந்தது?

கேள்வி

2009ஆம் ஆண்டு அக்டோபர் 20 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தை நள்ளிரவு தாண்டி விழித்திருந்து பார்த்தவர்கள் இந்தக் குழுவில் சிலராவது இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ருமேனியாவின் உனிரியா உர்ஸிச்சேனி என்ற, அதுவரை நான் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஓர் அணி, ஆட்டம் தொடங்கிய இரண்டாம் நிமிடத்திலேயே ஒரு கோல் பின்தங்கிய பிறகு, ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 4-1 என்ற கணக்கில் வென்றது. அந்த நான்கு கோல்களில் இரண்டு ரேஞ்சர்ஸ் வீரர்களே தங்கள் வலைக்குள் அடித்துக்கொண்ட சேம்சைடு கோல்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அன்றைய இரவு முழுவதும் பந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விதம், ஒவ்வொரு வீரரும் தன் இடத்தை விட்டு நகராமல் காத்த விதம், இவை எதையும் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அண்மையில் அந்த அணியின் பெயர் நினைவுக்கு வந்து தேடியபோதுதான், 2011ஆம் ஆண்டிலேயே அந்தக் கழகம் கலைந்துபோனதை அறிந்தேன். ஐரோப்பாவின் மிகப் பெரிய போட்டியில் ஸ்பெயினின் செவில்லாவையும் தோற்கடித்த ஒரு கழகம், அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக வாழவில்லை என்பதை என்னால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடனில் மூழ்கியதா, தண்டிக்கப்பட்டதா, அல்லது எல்லோரும் விட்டுவிட்டுப் போனார்களா? இந்தக் கழகத்தின் வரலாற்றை முறையாக அறிந்தவர்கள், அது எப்படி எழுந்தது என்பதிலிருந்து தொடங்கி விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். அதன் கோப்பையும் சாதனையும் இப்போது யாருடைய பெயரில் இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முதல் மறுமொழி

நண்பருக்கு வணக்கம். இந்தக் கழகத்தின் கதை எனக்கு நெருக்கமானது என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊரை அறியாமல் இந்தக் கழகத்தின் எழுச்சியும் புரியாது, வீழ்ச்சியும் புரியாது. உர்ஸிச்சேனி என்பது தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பராகன் சமவெளியில், யலோமிட்சா மாவட்டத்தில் உள்ள ஒரு சிறு நகரம். தலைநகரிலிருந்து புசவ் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையும் ப்ளொயெஷ்டியிலிருந்து கிழக்கே செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் அது. வண்டியில் போகிறவர்கள் பெரும்பாலும் கடந்து செல்லும் ஊரே தவிர, இறங்கித் தங்கும் ஊர் அன்று. ஊரின் பெயரே காஞ்சொறிச் செடியைக் குறிக்கும் ருமேனியச் சொல்லிலிருந்து வந்தது. கழகம் உச்சத்தில் இருந்த காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 17,000 பேர்.

1954இல் தொடங்கப்பட்ட கழகம், தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கீழ்ப்பிரிவுகளில், மாவட்டத்துக்கு வெளியே யாரும் கவனிக்காத ஆட்டங்களில்தான் கழித்தது. உனிரியா என்றால் ஒன்றிணைவு என்று பொருள். ருமேனியாவில் அந்தப் பெயரில் எத்தனையோ கழகங்கள் உண்டு. நிலைமை மாறியது 2000க்குப் பிறகு, தொழிலதிபர் டுமிட்ரு புக்ஷாருவின் பணம் கழகத்துக்குள் வந்தபோதுதான். ஒவ்வொரு படியாக ஏறி 2006இல் முதன்முறையாக நாட்டின் முதல் பிரிவு லீக்கில் நுழைந்தது. அதே ஆண்டில் பயிற்சியாளராக வந்தவர் டான் பெட்ரெஸ்கு.

பெட்ரெஸ்குவை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1998 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில் வெற்றி கோலை அடித்த வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் அவர். 1995 முதல் 2000 வரை செல்சியில் ஆடியவர் என்பதால்தான் உனிரியாவுக்கு 'யலோமிட்சாவின் செல்சி' என்ற செல்லப்பெயர் வந்தது. இங்கிலாந்தில் கற்ற உடல்தகுதிப் பயிற்சியையும் ஒழுங்கையும் அவர் இந்தச் சிறு நகருக்குக் கொண்டுவந்தார். அவரிடம் இருந்தவர்கள் பெரும்பாலும் தலைநகரின் பெரிய கழகங்கள் வேண்டாமென்று விட்டவர்கள் அல்லது கண்டுகொள்ளாதவர்கள். லித்துவேனியாவின் கோல்கீப்பர் கீட்ரியுஸ் அர்லௌஸ்கிஸ், தடுப்பில் ஜார்ஜ் கலமாஸ், அர்ஜென்டினாவின் பாப்லோ பிராண்டான், பிரேசிலின் ரிக்கார்டோ, முன்வரிசையில் மரியுஸ் பிலாஷ்கோ, மரியுஸ் ஒனொஃப்ராஷ் ஆகியோரைக் கொண்டு அவர் கட்டியது, கோல் வாங்காமல் இருப்பதையே முதல் வேலையாகக் கொண்ட ஓர் அணி.

2008இல் ருமேனியக் கோப்பையின் இறுதிப்போட்டியை எட்டி, சி.எஃப்.ஆர். க்ளூஜிடம் 2-1 என்று தோற்றார்கள். அடுத்த பருவத்தில், 34 ஆட்டங்களில் 70 புள்ளிகள் எடுத்து, டிமிஷோராவையும் டினாமோவையும் பின்தள்ளி நாட்டின் வாகையரானார்கள். முதல் பிரிவில் நுழைந்த மூன்றாவது பருவத்திலேயே இது நடந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

அந்த வாகையர் பட்டம் அவர்களை நேரடியாகச் சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குக் கொண்டுபோனது. செவில்லா, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட், ரேஞ்சர்ஸ் ஆகியவற்றுடன் ஒரே குழு. செவில்லாவில் 2-0 தோல்வி, ஸ்டுட்கார்டுடன் 1-1, ஐப்ராக்ஸில் நீங்கள் பார்த்த 4-1, ரேஞ்சர்ஸுடன் திரும்ப ஆடியபோது 88ஆம் நிமிடத்தில் ஒனொஃப்ராஷ் சமன் செய்து 1-1, பிறகு நவம்பரில் செவில்லாவை 1-0 என்று வென்றார்கள். ஐந்து ஆட்டங்களில் எட்டுப் புள்ளிகள். கடைசி ஆட்டத்தில் ஸ்டுட்கார்டுடன் சமன் செய்தாலே போதும், ஐரோப்பாவின் சிறந்த 16 கழகங்களில் ஒன்றாகிவிடலாம்.

டிசம்பர் 9 அன்று நடந்த அந்த ஆட்டத்தைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன். ஸ்டுட்கார்ட் சில நாள்களுக்கு முன்புதான் தன் பயிற்சியாளரை மாற்றியிருந்தது. கலகலத்துப்போன அணி என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தோம். ஐந்தாம் நிமிடத்தில் டிராஷ் முதல் கோலை அடித்தார். எட்டாம் நிமிடத்தில் இரண்டாவது. அதை அடித்த சிப்ரியன் மரிக்கா, வேறு யாருமல்லர், ருமேனியத் தேசிய அணியின் முன்கள வீரர். பதினொன்றாம் நிமிடத்தில் பொக்ரெப்னியாக் மூன்றாவது கோலைப் போட்டார். கோல் வாங்காமல் இருப்பதையே உயிராகக் கொண்டிருந்த அணி, ஆறு நிமிட இடைவெளியில் மூன்று கோல்களை வாங்கிக்கொண்டு நின்றது. இரண்டாம் பாதி தொடங்கியதும் செமெடோ ஒரு கோலைத் திருப்பினார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு புள்ளி வித்தியாசத்தில் மூன்றாம் இடம்.

அந்த மாத இறுதியில் பெட்ரெஸ்கு ரஷ்யாவின் குபான் கிராஸ்னதாருக்குப் போய்விட்டார். புதிய பயிற்சியாளராக இஸ்ரேலின் ரோனி லெவி வந்தார். குழுவில் மூன்றாம் இடம் பெற்றதால் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்குக்குப் போனார்கள்; அங்கே லிவர்பூல் இரண்டு ஆட்டங்களிலும் வென்றது, 1-0, 3-1. புக்கரெஸ்டில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் உனிரியாவுக்காக முதல் கோலை அடித்தவரின் பெயர் புரூனோ ஃபெர்னாண்டஸ். இன்றைய இளைஞர்கள் அந்தக் கோலின் பதிவைப் பார்த்துக் குழம்புகிறார்கள்; அதே பெயரில் இன்று புகழ்பெற்றிருக்கும் வீரர் அல்லர் அவர், வேறொரு போர்ச்சுகீசியர். உள்நாட்டு லீக்கில் அந்தப் பருவத்தையும் இரண்டாம் இடத்தில் முடித்தார்கள். 2010-11 பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டு, அதன் பின் கலைந்தார்கள்.

என் கருத்தைக் கேட்டால், பயிற்சியாளர் போன நாளிலேயே கழகம் முடிந்துவிட்டது என்பேன். கட்டியவரே போன பின்பு, மீதமிருந்தது அவர் மூட்டிவிட்டுப் போன வேகம் மட்டும்தான்.

கேட்டவரின் குறிப்பு

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி ஐயா. ஸ்டுட்கார்ட் ஆட்டத்தில் சமன் செய்திருந்தாலே போதும் என்பது எனக்குத் தெரியாது. அதைப் படித்தபோது நெஞ்சு கனத்தது. ஆனால் ஒரு ஐயம். பெட்ரெஸ்கு போன பிறகும் அதே பருவத்தில் லீக்கில் இரண்டாம் இடம் பெற்றார்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியென்றால், பயிற்சியாளர் போனதை மட்டும் காரணமாகக் கொள்ள முடியுமா? அடுத்த ஓராண்டுக்குள் அணியே இல்லாமல் போவதற்கு வேறு ஏதோ நடந்திருக்க வேண்டும் அல்லவா?

இரண்டாம் மறுமொழி

கேட்டவரின் ஐயம் நியாயமானது. முந்தைய மறுமொழியை எழுதியவரின் அறிவை நான் மதிக்கிறேன், ஆனால் அவருடைய முடிவோடு உடன்பட முடியவில்லை. பயிற்சியாளர்கள் எல்லாக் கழகங்களிலிருந்தும் போகிறார்கள். அதனால் கழகங்கள் கலைவதில்லை. உனிரியாவின் பிரச்சினை மைதானத்துக்கு வெளியே இருந்தது.

சாம்பியன்ஸ் லீக்கின் 'சொந்த மைதான' ஆட்டங்கள் எங்கே நடந்தன என்று பாருங்கள். உர்ஸிச்சேனியில் இல்லை. அங்கிருந்த இளைஞர் விளையாட்டரங்கில் சுமார் 7,000 பேர்தான் அமர முடியும். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தரத்துக்கு அது எட்டவில்லை. எனவே ஸ்டுட்கார்டையும் ரேஞ்சர்ஸையும் செவில்லாவையும் அவர்கள் வரவேற்றது புக்கரெஸ்டில், தங்கள் போட்டியாளரான ஸ்டாவா கழகத்தின் அரங்கில். தன் வரலாற்றின் மிகப் பெரிய மூன்று இரவுகளை ஒரு கழகம் வாடகை வீட்டில் கொண்டாட வேண்டியிருந்தது. செவில்லாவை வென்ற அந்த இரவைத் தன் தெருவில், தன் மைதான விளக்குகளின் கீழ் பார்க்கும் வாய்ப்பு அந்த ஊர்ச் சிறுவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே மிகவும் வருத்தம் தரும் செய்தி.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐப்ராக்ஸ் அரங்கில் ஏறத்தாழ 51,000 பேர் அமரலாம். உர்ஸிச்சேனியின் குழந்தைகள், முதியவர்கள் உட்பட மொத்த மக்களையும் கிளாஸ்கோவுக்கு அழைத்துச் சென்றிருந்தாலும் அந்த இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நிறைந்திருக்கும். நுழைவுச்சீட்டு விற்றோ, சட்டை விற்றோ, ஆண்டுச் சந்தா வாங்கியோ பிழைக்கக்கூடிய கழகமாக அது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உரிமையாளர் பணம் போடும் வரை இருக்கும், நிறுத்தினால் நிற்கும்.

இங்கே ஒரு கேள்வி எழும்: சாம்பியன்ஸ் லீக்கில் வந்த பணம் என்ன ஆயிற்று? அந்தப் பருவத்தில் குழுச் சுற்றில் ஆடிய ஒவ்வொரு கழகத்துக்கும் ஏறத்தாழ 71 லட்சம் யூரோ நிச்சயத் தொகை. ஒவ்வொரு வெற்றிக்கும் 8 லட்சம், சமன் செய்த ஆட்டத்துக்கு 4 லட்சம். இரண்டு வெற்றி, இரண்டு சமன் என்று கணக்கிட்டால், தொலைக்காட்சிப் பங்கைச் சேர்க்காமலே சுமார் 95 லட்சம் யூரோ வருகிறது. ருமேனியாவின் ஒரு சிறு நகரக் கழகத்துக்கு அது கற்பனைக்கு எட்டாத தொகை. ஆனால் அந்தத் தொகையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அது ஆண்டுதோறும் வரும் வருமானம் அன்று. அடுத்த ஆண்டும் தகுதி பெற்றால்தான் வரும். வெற்றி பெற்ற அணியின் சம்பளங்களோ ஏறுமுகமாக மட்டுமே இருக்கும். ஒருமுறை ஏறினால் ஒப்பந்தம் முடியும் வரை இறங்காது.

ஆகவே, என் பார்வையில் இந்தக் கழகத்தின் முடிவைத் தீர்மானித்தது 2009 டிசம்பர் அல்ல, 2010 ஆகஸ்ட்தான். லீக்கில் இரண்டாம் இடம் பெற்றதால் இந்த முறை நேரடி நுழைவு கிடையாது. தகுதிச் சுற்றில் ரஷ்யாவின் ஸெனித் எதிரே நின்றது. முதல் ஆட்டம் 0-0. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1-0 தோல்வி. ஒரே ஒரு கோல். அடுத்து யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் குரோவேஷியாவின் ஹய்டுக் ஸ்பிளிட்டிடம் 4-1 என்று தோற்று, திரும்ப ஆடியதில் 1-1 மட்டுமே எடுக்க முடிந்தது. ஆகஸ்ட் 26 அன்று ஐரோப்பா முடிந்துபோனது. ஐரோப்பா முடிந்ததும் பணமும் முடிந்தது.

அதன் பின் நடந்ததை விற்பனை என்பதைவிடக் கடையைக் காலி செய்தது என்றே சொல்ல வேண்டும். கலமாஸ், பிராண்டான், பிலாஷ்கோ, ரிக்கார்டோ என்று அணியின் முதுகெலும்பாக இருந்தவர்கள் அந்தக் கோடையில் ஸ்டாவாவுக்குப் போனார்கள். கோல்கீப்பர் அர்லௌஸ்கிஸ் ரஷ்யாவின் ரூபின் கஸானுக்குப் போனார். மிச்சம் இருந்தவர்களில் நம்பிக்கைக்குரிய இளம் முன்கள வீரர் ரவுல் ருசெஸ்குவும் சில மாதங்களில் ஸ்டாவாவில் இருந்தார். எஞ்சியது உனிரியாவின் சட்டை. உள்ளே இருந்தவர்கள் வேறு ஆட்கள். அப்படிப்பட்ட அணி கீழே இறங்கியதில் வியப்பில்லை. இறங்கிய பின் இரண்டாம் பிரிவில் ஆடுவதற்குக்கூட அது வரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கடன் கொடுத்தவர்கள் துரத்தியோ, தண்டனை விதிக்கப்பட்டோ கலைந்த கழகமாக நான் இதைப் பார்க்கவில்லை. தொடர்ந்து நடத்த வேண்டும் என்று விரும்பும் ஆள் இல்லாமல் போனதால் நின்றுபோன கழகம் இது.

மூன்றாம் மறுமொழி

மேலே உள்ள இருவரும் எழுதியதை ஆர்வத்துடன் படித்தேன். ருமேனியக் கால்பந்தில் ஒரு சிறிய ஊர் திடீரென்று பெரிய அணி ஒன்றைப் பெறுவதும், பிறகு அதை இழப்பதும் உனிரியாவோடு தொடங்கியதன்று. இதற்கு முன்பு நடந்த ஒன்றைச் சொன்னால் இந்த உரையாடலுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஸ்கோர்னிச்செஷ்டி என்ற ஊர், ருமேனியாவின் முன்னாள் அதிபர் நிக்கோலாய் சௌசெஸ்கு பிறந்த ஊர். அங்கே 1972இல் 'வீட்டோருல்', அதாவது 'எதிர்காலம்' என்ற பெயரில் ஒரு கழகம் தொடங்கப்பட்டது, பிற்காலத்தில் எஃப்.சி. ஓல்ட் என்று பெயர் மாறியது. 1978இல் மூன்றாம் பிரிவின் கடைசி நாளில், மேலே ஏறுவதற்குக் கோல் வித்தியாசமே தீர்மானிக்கும் என்ற நிலையில், ஸ்லாட்டினா நகரின் அணி ஒன்றை 18-0 என்ற கணக்கில் வென்று அது இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அடுத்த ஆண்டே முதல் பிரிவு. அந்தப் 18 கோல்களை யாரும் ஆட்டத்திறனின் அளவுகோலாக எடுத்துக்கொண்டதில்லை. எதிரணி வீரர்களுக்கும் அந்த நாட்டில்தான் வாழ வேண்டியிருந்தது.

ஆனால், அதற்காக அந்தக் கழகத்தில் ஆடியவர்களை எல்லாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1986இல் ஐரோப்பியக் கோப்பையை (சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடி) வென்ற ஸ்டாவாவின் முன்கள வீரர் விக்டர் பிட்சுர்கா, அதற்கு முன் ஸ்கோர்னிச்செஷ்டியில்தான் பல ஆண்டுகள் ஆடினார். இன்னொருவர் ஸ்டாவாவிலிருந்து ஒரு பருவத்துக்கு இரவலாக அங்கு அனுப்பப்பட்ட இளைஞர்: டான் பெட்ரெஸ்கு. 1986-87 பருவத்தில் ஒரு சிற்றூரின் சட்டையை அணிந்து முதல் பிரிவில் ஆடிய அந்த இளைஞர்தான், இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு சிற்றூரை நாட்டின் வாகையராக்கினார். இதைக் கவனித்தவர்கள் குறைவு.

1989 டிசம்பர் 25 அன்று சௌசெஸ்கு சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த சில வாரங்களில், பருவத்தின் நடுவிலேயே, இரண்டு கழகங்கள் முதல் பிரிவிலிருந்து நீக்கப்பட்டன. ஒன்று எஃப்.சி. ஓல்ட். மற்றொன்று விக்டோரியா புக்கரெஸ்ட்; அது காவல்துறையின் கழகம். அந்த விக்டோரியா 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து மூன்றாம் இடம் பெற்ற அணி; 1989இல் யூஈஎஃப்ஏ கோப்பையின் (யூரோப்பா லீக்கின் முன்னோடி) காலிறுதி வரை சென்று கிழக்கு ஜெர்மனியின் டினாமோ டிரெஸ்டனிடம் தோற்றது. அதற்குப் பின் ஓராண்டுகூட அது உயிரோடு இல்லை.

இரண்டாம் மறுமொழியாளர் சொன்ன காரணத்தை இவற்றோடு சேர்த்துப் பார்த்தால், அவர் சொல்வது சரி என்றே எனக்குப் படுகிறது. ஸ்கோர்னிச்செஷ்டியைத் தாங்கியது அதிபரின் பெயர். விக்டோரியாவைத் தாங்கியது சீருடை. உர்ஸிச்சேனியைத் தாங்கியது ஒருவரின் முதலீடு. எனினும் ஒரு பெரிய வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. முதல் இரண்டும் அதிகாரத்தின் நிழலில் புள்ளிகள் பெற்றன என்ற பழியைச் சுமந்தே போயின. உனிரியா ஐப்ராக்ஸில் எடுத்த மூன்று புள்ளிகளை யாரும் அதற்கு வாங்கிக் கொடுக்கவில்லை.

முதல் மறுமொழியாளர் மீண்டும்

என் முடிவை மறுத்து எழுதிய நண்பருக்கு நன்றி. ஸெனித்துக்கு எதிரான அந்த ஒரு கோலின் எடையை நான் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய வாதத்துக்கு வலுச்சேர்க்கும் ஓர் எடுத்துக்காட்டும் இப்போது நினைவுக்கு வருகிறது.

உனிரியா கலைந்த அதே 2011இல் ருமேனியாவின் வாகையரானது ஒட்செலுல் கலாட்சி. ஒட்செலுல் என்றால் எஃகு. டான்யூப் கரையில் உள்ள கலாட்சி நகரின் பெரும் எஃகு ஆலையைச் சார்ந்து பிறந்த கழகம் அது. அவர்களுடைய சாம்பியன்ஸ் லீக் அனுபவம் உனிரியாவோடு ஒப்பிடவே முடியாதது: மான்செஸ்டர் யுனைடெட், பென்ஃபிகா, பாசல் ஆகியவற்றுடன் ஆடி ஆறு ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2015இல் கீழே இறங்கினார்கள், 2016இல் நொடித்துப்போனார்கள். இதுவரை அதே கதைதான். ஆனால் கலாட்சியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். ரசிகர்கள் முன்னின்று நான்காம் பிரிவிலிருந்து மறுபடியும் தொடங்கினார்கள். 2023இல் முதல் பிரிவுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். ஐரோப்பாவில் ஒரு புள்ளிகூட எடுக்காத கழகம் எழுந்தது, எட்டுப் புள்ளிகள் எடுத்த கழகம் எழவில்லை. பயிற்சியாளரைப் பற்றி நான் சொன்னதைவிட ஊரைப் பற்றி அவர் சொன்னது வலிமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உரிமையாளரின் பணம் மட்டுமே இருந்திருந்தால் அந்த 2009 நிகழ்ந்திருக்காது. பணம் படைத்தவர்கள் அந்த லீக்கில் பலர் இருந்தார்கள். அவர்களில் எவரும் கைவிடப்பட்ட ஆட்டக்காரர்களைக் கொண்டு செவில்லாவை வீழ்த்தவில்லை.

கேட்டவருடைய கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கோப்பைகளும் பட்டங்களும் அடங்கிய வரலாற்றுத் தொகுப்பை ருமேனியர்கள் 'பால்மாரெஸ்' என்பார்கள். அது யாருக்குச் சொந்தம் என்பது அங்கே நீதிமன்றம் வரை செல்லும் விவகாரம். ஸ்டாவா என்ற பெயருக்காக இராணுவத்தின் விளையாட்டுக் கழகம் தொடுத்த வழக்கில் 2014 இறுதியில் அதற்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதனால் அந்தப் பெயரில் ஆடிவந்த அணி 2017இல் எஃப்.சி.எஸ்.பி. என்று மாற வேண்டியதாயிற்று. கிரயோவா நகரில் ஒரே பெயருக்கும் ஒரே வரலாற்றுக்கும் இரண்டு கழகங்கள் உரிமை கோரின. உனிரியாவின் 2009 பட்டத்துக்கு அப்படிப்பட்ட பெரிய வழக்கு எதையும் நான் அறிந்ததில்லை. வாகையர் பட்டியலில் ஒரே ஒரு வரியாக, உர்ஸிச்சேனி என்ற பெயருக்கு எதிரே '1' என்ற எண்ணோடு அது இருக்கிறது.

கேட்டவரின் குறிப்பு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு சிறிய கேள்வி எழுதப்போய் ஒரு முழு வரலாற்றையே பெற்றுக்கொண்டேன். ஸ்கோர்னிச்செஷ்டியில் ஆடிய இளைஞரே உர்ஸிச்சேனியின் பயிற்சியாளர் என்பதை இனி மறக்க மாட்டேன். கடைசியாக ஒன்று: சாம்பியன்ஸ் லீக்கில் அந்த அணிக்காகக் கோல் அடித்தவர்கள் யார் யார் என்று சொல்ல முடியுமா? எனக்குப் பிலாஷ்கோ ஒருவர்தான் நினைவில் இருக்கிறார்.

இரண்டாம் மறுமொழியாளர்

குழுச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் அவர்கள் கணக்கில் எட்டு கோல்கள் உண்டு. வாங்கியதும் சரியாக எட்டு. அந்த எட்டில் மூன்று எதிரணியினர் தங்கள் வலைக்குள் அடித்துக்கொண்டவை: ஐப்ராக்ஸில் லாஃபெர்ட்டியும் மெக்கலக்கும், புக்கரெஸ்டில் செவில்லாவின் டிராகுட்டினோவிச்சும். மற்ற ஐந்தையும் ஐந்து பேர் ஆளுக்கு ஒன்றாக அடித்தார்கள். ஸ்டுட்கார்டுக்கு எதிராக முதலில் டாச்சியன் வர்கா, ஐப்ராக்ஸில் பிலாஷ்கோவும் பிராண்டானும், ரேஞ்சர்ஸ் புக்கரெஸ்டுக்கு வந்தபோது ஒனொஃப்ராஷ், கடைசி இரவில் ஸ்டுட்கார்டில் செமெடோ.